ஏரிக்குள் ஒரு வண்டிப்பாதை

2016ஆம் வருஷத்து வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைவாகப் பெய்தது. எங்களுக்கு அந்தக் கணக்கே வேண்டாம், திருவண்ணாமலை ரமணாசிரமத்துக்குத் தெற்கே இருக்கிற சமுத்திரம் ஏரியைப் பார்த்தால் போதும். தை பிறக்கும்போதே நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கிப்போனது. பங்குனியில் அதுவும் இல்லை. 2017 சித்திரையில் செங்கம் ரோட்டுப் பக்கத்திலிருந்து உள்ளே இறங்கினால் எதிர்க்கரை வரை செருப்பு நனையாமல் நடக்கலாம். பையன்கள் அங்கங்கே ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடினார்கள். ஆடு மாடு மேய்ந்தது. வண்டல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. ஓரங்களில் வேலிக்காத்தான் மட்டும் எந்தக் கவலையும் இல்லாமல் பச்சையாக நின்றது.

அந்தக் கோடையில்தான் எங்கள் மாடியில் குடியிருந்த வெள்ளைக்காரர் தன் பெட்டியைத் திறந்து அந்தக் கருவியை வெளியே எடுத்தார்.

ரமண நகரில் மாடி கட்டிய வீட்டுக்காரர்களுக்கெல்லாம் இப்படி ஒருவர் வந்து சேருவார். பெரும்பாலானவர்கள் கார்த்திகை தீபத்தை ஒட்டி வந்து, பங்குனி வெயில் ஏறுவதற்குள் ஊரைப் பார்க்கப் போய்விடுவார்கள். இவர் போகாத ரகம். இங்கிலாந்தில் சஃபோக் மாவட்டத்துக்காரர், ஓய்வு பெற்ற எலெக்ட்ரீஷியன், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். காலையில் ஆசிரமத்துப் பழைய ஹாலில் போய் உட்காருவார், மாலையில் மறுபடியும் போவார். இடையில் இருக்கிற நீளமான பகலை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. வெள்ளை வேட்டி கட்டிய வெளிநாட்டுக்காரர் யாராக இருந்தாலும் எங்கள் தெருவில் ‘சாமி’தான். அதனால் அவரும் சாமி. நான் அவருக்கு வீட்டுக்காரன், மொழிபெயர்ப்பாளன், குடை பிடிக்கிறவன்.

கோயில் வாசலில் போலீஸ்காரர் நம் சட்டைப்பை மேல் தடவுகிறாரே, அதே மெட்டல் டிடெக்டர்தான், இது தண்டு நீண்டது. அடியில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு வளையம், மேலே முழங்கையைத் தாங்கிக்கொள்ள ஒரு பட்டை, நடுவில் சின்னத் திரை, காதுக்கு ஹெட்போன். வளையத்துக்குள் செப்புக் கம்பிச் சுருள். அதில் மாறுமின்சாரம் ஓடும்போது கீழே மண்ணுக்குள் காந்தப்புலம் பரவுகிறது. அதில் உலோகம் ஏதாவது அகப்பட்டால் அதற்குள்ளும் சிறு மின்சுழல்கள் எழும்பி, தன் பங்குக்கு ஒரு புலத்தைத் திருப்பி அனுப்பும். இரண்டாவது சுருள் ஒன்று அதை வாங்கிச் சத்தமாக்கிக் காதுக்குத் தரும். காசு அளவுள்ள பொருள் என்றால் ஒரு சாண் ஆழம் வரை தெரியும். அதற்குக் கீழே போனால் ஊகம்தான்.

கருவி பழசு இல்லை என்றாலும் யோசனை பழசு. 1881இல் அமெரிக்க ஜனாதிபதி கார்ஃபீல்டைச் சுட்டுவிட்டார்கள். உடம்புக்குள் குண்டு எங்கே தங்கியிருக்கிறது என்று தெரியாமல் வைத்தியர்கள் தடுமாறியபோது, டெலிபோன் கண்டுபிடித்த கிரஹாம் பெல் இதே தத்துவத்தில் ஒன்றைச் செய்து எடுத்துக்கொண்டு போனார். மெத்தைக்குள் இருந்த இரும்புச் சுருள்கள் கருவியைக் குழப்பின. வைத்தியரோ குண்டு வலது பக்கம்தான் என்று அடம் பிடித்து மற்றப் பக்கத்தைத் தேடவிடவில்லை. குண்டு கிடைக்கவில்லை, செப்டம்பரில் கார்ஃபீல்ட் இறந்துபோனார். மாடிப்படியில் உட்கார்ந்து பேட்டரி மாற்றிக்கொண்டே சாமி சொன்ன கதை இது. தேடுகிறவன் எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று பக்கத்தில் நிற்கிறவன் முடிவு செய்யக் கூடாது என்பது அவர் கட்சி. பக்கத்தில் நின்றவன் நான்தான்.

முதலில் சில நாள் கருவி ஒரேயடியாகக் கத்தியது. மண்ணைத் தொட்டாலும் கத்தியது, கூழாங்கல்லைக் கண்டாலும் கத்தியது. எனக்கு அதில் ஆச்சரியம் இல்லை. உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி, நூலில் கட்டி, ஓடை மணலில் இழுத்துக்கொண்டு போனால் கருமணல் அப்பிக்கொண்டு வரும் என்பது எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த விளையாட்டு. இது இரும்பு பூமி. கவுத்தி மலையிலும் வேடியப்பன் மலையிலும் காந்த இரும்புத் தாது பாறையோடு பாறையாக இருக்கிறது. அதை வெட்டி எடுக்கத் திட்டம் போட்டு ஜிண்டால் குழுமத்தோடு சேர்ந்து அரசு நிறுவனம் வந்ததும், சுற்றுக் கிராமத்து ஜனங்கள் மலையை விடமாட்டோம் என்று எதிர்த்து நின்றதும் இந்த மாவட்டம் அறிந்தது. சாமிக்கு அதைச் சொன்னேன். கருவியை மண்ணின் குணத்துக்கு ஏற்றபடி சமன்செய்ய ஒரு வழி உண்டாம். வளையத்தைத் தரைக்கு மேலும் கீழுமாக அசைத்து அசைத்து, கத்தல் அடங்கும் வரை திருகினார். அதற்கப்புறம்தான் உருப்படியான சத்தங்கள் கேட்க ஆரம்பித்தன.

ஆடு மேய்க்க வரும் ஆயா ஒருத்தி எங்களைத் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் பொறுக்க முடியாமல் கிட்டே வந்தாள்.

“இன்னா சாமி, பாம்பு புடிக்கிற மிஷினா அது?”

“இல்ல ஆயா, மண்ணுக்குள்ள காசு கீசு கெடந்தா காட்டும்” என்றேன்.

“தீபாவளி கழிஞ்சு ஐந்நூறு ரூபா, ஆயிரம் ரூபா எதுவும் செல்லாதுன்னாங்களே, அப்ப எம் மருமக அரிசிப் பானைலருந்து மூணு தாள எடுத்தா. எனக்கே தெரியாது. அந்த மாதிரிலாம் காட்டுமா?”

“காகிதத்தக் காட்டாது ஆயா.”

“அப்ப இன்னாத்துக்கு அது?” என்று ஆட்டை ஓட்டிக்கொண்டு போய்விட்டாள். ஆயா என்ன சொன்னாள் என்று சாமி கேட்டார். சொன்னேன். நெடுநேரம் சிரித்தார்.

ஆயா போனாள், டீக்கடை வந்தது. ஆசிரமத்துக்கு எதிர்ச்சாரியில் இரண்டு டீ குடிப்பதற்குள் ஒரு சேதி ஊர் முழுக்கப் போய்விடும். ‘ஏரிக்குள்ள வெள்ளைக்காரர் புதையல் எடுக்கிறார்’ என்று கிளம்பி, ‘ஒரு பானை கிடைச்சிடுச்சாம்’ என்று முடிந்தது. மறுநாள் கிரிக்கெட் நின்றுபோய் ஆடுகிற பையன்களெல்லாம் எங்களைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் மை போட்டுப் பார்க்கிறவரை அழைத்துவரவா என்றார். இன்னொருவர் புதையலுக்கு நாகம் காவல் இருக்கும், பூஜை போடாமல் தொடக் கூடாது என்று அக்கறையாக எச்சரித்தார். மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு ஆள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுத் தாழ்ந்த குரலில், “சார், இது இரிடியம் காட்டுமா?” என்று கேட்டார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தமிழ்நாட்டில் பல வருஷமாக நடந்துவரும் மோசடி இது. கோயில் கலசத்தில் இடி விழுந்து இரிடியம் ஆகிவிட்டது, அது அரிசியைத் தன் பக்கம் இழுக்கும், வெளிநாட்டில் கோடிக்கணக்கில் விலை போகும் என்று சொல்லி ஆட்களைப் பிடித்து முன்பணம் வாங்கி ஓடிவிடுவார்கள். ‘ரைஸ் புல்லிங்’ என்று அதற்கு ஆங்கிலப் பேரும் வைத்திருக்கிறார்கள். கலசத்துக்காகக் கோபுரம் ஏறித் திருடுகிறவர்களும் உண்டு. நிலத்தில் வேலை செய்து சேர்த்த காசை அதில் போட்டு அழித்தவர்களின் கதை பத்திரிகையில் வந்துகொண்டேதான் இருக்கிறது. அந்த ஆளிடம், இந்தக் கருவி அதிகமாகக் காட்டுவது சோடா மூடி என்றேன். அவர் நம்பவில்லை. மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு போனார்.

நான் சொன்னது சத்தியம். சோடா மூடி, சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் ஈயத்தாள், டப்பா மூடி, ஆணி, குடைக்கம்பி. இவைதான் முக்கால்வாசி. அடுத்தபடியாகக் காசு. 10 பைசா, ஓரம் நெளிநெளியாக இருக்குமே அந்த அலுமினியக் காசு. 2 பைசா. 25 காசு, 2011 ஜூன் மாதத்தோடு செல்லாமல் போனது. 1957இல் தசம நாணயம் வந்து, 1964 வரைக்கும் ‘நயா பைசா’ என்று அச்சடித்தார்களே, அதில் ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு ஓட்டைக் காலணா. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் துளை போட்டு அடித்த காசு அது. 1943லிருந்து 1947 வரைதான் அடித்தார்கள். எங்கள் பாட்டி அதை அரைஞாண் கயிற்றில் கோத்துக் கட்டிவிடுவாள். ஏரி மண்ணில் பச்சை பூத்து அது வெளியே வந்தபோது, விலை ஒன்றும் இல்லை என்று தெரிந்தும், என் கைக்கு அதைக் கீழே வைக்க மனம் வரவில்லை.

சாமியின் பழக்கம் ஒன்று எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது. எது கிடைத்தாலும், சோடா மூடியாக இருந்தாலும், அதை எடுப்பதற்கு முன்னால் கட்டம் போட்ட தாளில் ஒரு புள்ளி வைப்பார். கரையில் இருக்கிற மதகு ஒரு குறி, ஒரு பனைமரம் ஒரு குறி. இரண்டிலிருந்தும் காலடி எண்ணி நடந்து, புள்ளி வைத்து, பக்கத்தில் ஒரு எழுத்து. வெயில் மண்டையைப் பிளக்கும்போது ஒரு ஆணிக்காக நூறடி நடந்து போய் நூறடி திரும்பி வருவது எனக்கு வேலையற்ற வேலையாகப் பட்டது. புள்ளிகள் சேரச் சேரத்தான் அதில் என்ன இருக்கிறது என்று தெரிய ஆரம்பித்தது.

காசுகள் ஏரி முழுக்கச் சிதறிக் கிடக்கவில்லை. மதகுக்குப் பக்கத்தில் பட்டைக்கல் பதித்த ஒரு சரிவு இருந்தது, அதைச் சுற்றியே கிடந்தன. அங்கேயே ஊக்குகள், ஜாக்கெட் கொக்கிகள், பித்தளைப் பொத்தான்கள், ஒரு கொலுசுத் திருகாணி. கொஞ்ச நேரம் தாளைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லத் தோன்றியது: “இது துணி துவைக்கிற துறை.” மடியில், சட்டைப்பையில், முந்தானை முடிச்சில் மறந்துபோன காசுகள் கல்லில் அடிக்கும்போது தெறித்து நீருக்குள் போயிருக்கின்றன. தண்ணீர் ஆழமாக நிற்கும் இடத்தில் வேறு மாதிரி. அங்கே துளை போட்ட ஈயக்குண்டுகள், வீச்சுவலையின் ஓரத்திலிருந்து அறுந்தவை. காசு ஒன்றுகூட இல்லை. ஆழத்தில் மீன் பிடித்தார்கள், ஓரத்தில் துவைத்தார்கள். இது யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லைதான். ஆனால் யாரும் சொல்லாமலே மண் அதைச் சொன்னது அன்றைக்குத்தான்.

பெரிய விஷயம் இரும்பில் இருந்தது. காசு தேடுகிறவர்கள் இரும்பின் சத்தம் கேட்காதபடி கருவியை அமைத்துவிடுவார்கள், இல்லாவிட்டால் ஆணிக்கு ஆணி குனிந்து இடுப்பு ஒடிந்துவிடும். சாமியும் அப்படித்தான் வைத்திருந்தார். ஆனால் தட்டையாக, துளை உள்ள இரும்பு சில சமயம் நல்ல உலோகத்தின் சத்தத்தைக் கொடுத்து ஏமாற்றும். அப்படி ஏமாற்றி மேலே வந்த தகடுகள் சிலவற்றை நாங்கள் ஒரு சாக்கில் போட்டு வைத்திருந்தோம். காலையில் ஏரிக்குள் நடக்க வரும் ஒரு பெரியவர், ஒருகாலத்தில் மாட்டுக்கு லாடம் அடித்துப் பிழைத்தவர், அந்தச் சாக்கைக் கவிழ்த்துப் பார்த்தார்.

“இது முன்னங்கால் லாடம் தம்பி. தேஞ்சிருக்குது பாரு, ஓரம் இந்தப் பக்கம் மட்டும். நொகத்தடில எடம் மாத்தாத மாடு.”

மாட்டுக் குளம்பு பிளந்தது, குதிரைக்குப் போல ஒன்று அடித்தால் போதாது. காலுக்கு இரண்டு, மாட்டுக்கு எட்டு, ஒரு ஜோடிக்குப் பதினாறு. கயிறு போட்டு மாட்டைச் சாய்த்து, நாலு காலையும் கட்டி, குளம்பைச் சீவிவிட்டு ஆணி அடிக்க வேண்டும். ஆணி குறுக்கே போனால் மாடு நொண்டும், அடித்தவனின் பேர் கெடும். தார் ரோட்டில் ஓடும் வண்டி மாட்டுக்கு இது சீக்கிரம் தேய்ந்துவிடும். கார்த்திகை தீபத்தை ஒட்டி நடக்கும் மாட்டுச் சந்தை சமயத்தில் சாப்பிட நேரம் இல்லாமல் அடித்ததாகப் பெரியவர் சொன்னார். இதையெல்லாம் நான் மொழிபெயர்க்க மொழிபெயர்க்க, சாமி ஒன்றும் பேசாமல் கருவியின் பொத்தானைத் திருப்பி இரும்பின் சத்தத்தைத் திறந்துவிட்டார்.

அதன்பின் ஆமை வேகம். ஆனால் தாளில் புள்ளிகள் ஒரு கோடாக நீண்டன. லாடம், லாட ஆணி, கடையாணி ஒன்று, பட்டைச் சக்கரத்தின் இரும்புத் துண்டு ஒன்று. கோடு ஏரியின் ஒரு ஓரத்தில் தொடங்கி, ஆழமான பகுதியை ஒதுக்கி வளைந்து, செங்கம் ரோட்டுப் பக்கம் ஏறியது. நேரில் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. வெடித்த வண்டல், ஆட்டுப் புழுக்கை, அவ்வளவுதான். பெரியவரிடம் தாளைக் காட்டினோம். அவருக்குத் தாள் புரியவில்லை. கூடவே நடக்கவைத்துக் காட்டினோம். பாதி தூரத்தில் நின்றுவிட்டார்.

“இது வண்டிப்பாட்டை இல்ல? கோடைல தண்ணி வத்திச்சின்னா அந்தாண்ட ஊருங்கள்லருந்து வண்டிலாம் இப்படிக் குறுக்கால வந்து ரோட்டுல ஏறும். கரையச் சுத்தினா தூரம். எங்கப்பங்கூட நான் வந்திருக்கறேன். நெல்லு மூட்ட, மணிலாக் கொட்ட மூட்ட.”

அவர் சிறு பையனாக இருந்தபோது போன பாதை. மாட்டு வண்டி போய் டிராக்டர் வந்தபின் அதை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மழைக்கும் ஏரி நிரம்பி அதன்மேல் வண்டலைப் பரப்பிக்கொண்டே இருந்தது. அந்தப் பாதை எந்த வரைபடத்திலாவது இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை, வருஷத்தில் பாதி நாள் அது தண்ணீருக்கு அடியில் இருந்ததல்லவா. அந்தத் தாளில் மட்டும் வந்தது. ஒவ்வொரு லாடமாக எடுத்துச் சாக்கில் போட்டு, புள்ளி வைக்காமல் விட்டிருந்தால் எங்களிடம் பழைய இரும்பு கொஞ்சம் இருந்திருக்கும், காயலான் கடையில் கிலோவுக்கு விலை கேட்டிருப்பார்கள்.

சாமிக்கு இன்னொரு ஆசையும் இருந்தது. அய்யங்குளத்தில் ஒருநாள் தேட வேண்டும் என்பது. ஏன் என்று ரமண பக்தர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1896 செப்டம்பர் 1ஆம் தேதி, பின்னாளில் ரமணர் ஆன பதினாறு வயது வேங்கடராமன் திருவண்ணாமலையில் ரயில் இறங்கி நேரே கோயிலுக்குப் போனார். வரும் வழியில், கீழூரில் முத்துக்கிருஷ்ண பாகவதரிடம் காதுக் கடுக்கனை அடகு வைத்து நாலு ரூபாய் வாங்கியிருந்தார். மீட்கிற எண்ணமே இல்லாததால் விலாசம் எழுதிய சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டார். கோயிலிலிருந்து வெளியே வந்து தலையை மழித்துக்கொண்டு, அய்யங்குளத்துப் படியில் நின்று, பாகவதர் வீட்டில் கொடுத்த பட்சணப் பொட்டலத்தோடு மிச்சமிருந்த மூன்று ரூபாய்ச் சொச்சத்தையும் வீசிவிட்டார். வேட்டியைக் கிழித்துக் கோவணம் கட்டிக்கொண்டு, பூணூலையும் எறிந்துவிட்டார். அதற்கப்புறம் 1950 வரை அவர் காசைத் தொட்டதில்லை என்று சொல்வார்கள்.

அன்றைய ஒரு ரூபாய், விக்டோரியா மகாராணி தலை போட்ட வெள்ளிக் காசு. 11.66 கிராம், அதில் பன்னிரண்டில் பதினொரு பங்கு வெள்ளி. அவர் வீசியது முழு ரூபாயாக இருந்ததா, அரையும் காலுமாக இருந்ததா, யாருக்குத் தெரியும். “வெள்ளிக்கு இந்தக் கருவி தெளிவாக மணி அடிக்கும்” என்றார் சாமி. கோயில் தீர்த்தக்குளம், உள்ளே இறங்கித் தோண்ட யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது என்றேன். அவர் உடனே ஒத்துக்கொண்டார். ஆனால் எனக்கு உறுத்திய காரணம் வேறு. வேண்டாம் என்று ஒருவர் வீசியதைத் தேடி எடுத்து, கண்ணாடிப் பெட்டியில் வைத்து, அதன் முன்னால் நாம் கும்பிட்டு நிற்பது எதற்கு? நூறு வருஷத்துக்கும் மேலாக எத்தனையோ பேர் எறிந்த காசுக்கு நடுவில் இதுதான் அது என்று எந்தக் கருவியும் சொல்லப்போவதும் இல்லை.

ஆற்றிலும் ஏரியிலும் காசு தேடுவது வெள்ளைக்காரர் கொண்டுவந்த வழக்கம் இல்லை. கரூரில் அமராவதி, மதுரையில் வைகை, இங்கே பக்கத்தில் திருக்கோயிலூரில் தென்பெண்ணை. வெள்ளம் வடிந்து மணல் வெளியே தெரியும்போது சல்லடையும் கையுமாக இறங்கி அரிக்கிறவர்கள் காலகாலமாக உண்டு. கிடைத்த செப்புக் காசுகள் பாத்திரக் கடைக்கு எடைக்குப் போய் உருக்கப்பட்டன. அதைப் பார்த்துக் கடை கடையாக ஏறி வாங்கிச் சேர்த்தவர் தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தி. சங்க காலத்துத் தமிழ் மன்னர்கள் நாணயமே வெளியிடவில்லை என்று அறிஞர்கள் சொல்லிவந்த காலம் அது. ‘பெருவழுதி’ என்று தமிழ் பிராமியில் எழுதிய பாண்டியர் காசு, கரூரில் கிடைத்த ‘மாக்கோதை’ வெள்ளிக் காசு, திருக்கோயிலூர்ப் பக்கத்து மலையமான் காசுகள் என்று அவர் வெளியிட்டபிறகு அந்தப் பேச்சு அடங்கியது. 1997இல் ஆங்கிலத்திலும் அவர் நூல் வந்தது. அந்தக் காசுகளை அவர் காப்பாற்றினார் என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவற்றில் பலவும் ஆற்றின் எந்த இடத்தில், என்ன ஆழத்தில், எதோடு சேர்ந்து கிடந்தன என்ற விவரம் சல்லடையிலேயே போய்விட்டது. ஒரு பாண்டியர் காசு தனியாகக் கிடந்ததா, ரோமானியக் காசுகளோடு கிடந்ததா என்று தெரிந்தால் எவ்வளவு சண்டை தீர்ந்திருக்கும்!

சாமி ஊர்க்கதை ஒன்று இதற்கு நேர் எதிர். அவர் மாவட்டத்திலேயே ஹாக்ஸ்ன் என்ற கிராமம். 1992 நவம்பரில் எரிக் லாஸ் என்பவர், நண்பர் ஒருவர் வயலில் தொலைத்த சுத்தியலைத் தேடித்தர இப்படிப்பட்ட கருவியோடு போனார். சுத்தியலுக்குப் பதில் ரோமானியப் பொன்னும் வெள்ளியும் வந்தது. கொஞ்சம் எடுத்தவர், ஏராளமாக இருக்கிறது என்று தெரிந்ததும் தோண்டுவதை நிறுத்திவிட்டுச் சொல்ல வேண்டியவர்களுக்குச் சொன்னார். தொல்லியல் ஆட்கள் வந்து, பெட்டி எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பது வரை பதிவு செய்து எடுத்தார்கள். ஏறக்குறைய 15,000 காசுகள், கூடவே நகைகள், கரண்டிகள். இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. சுத்தியலும் கிடைத்து அதுவும் அங்கேயே இருக்கிறது. லாஸுக்கு 17.5 லட்சம் பவுன் வெகுமதி கிடைத்தது.

நமக்கும் சட்டம் இல்லாமல் இல்லை. 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டம் இன்னும் அமலில் இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேல் இருந்தால், என்ன, எங்கே, எந்தத் தேதி என்று கலெக்டருக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். மறைத்தால் ஒரு வருஷம் வரை சிறை, பங்கும் போய்விடும். சொந்தக்காரர் இல்லை என்று முடிவானால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. அரசே எடுத்துக்கொள்ள நினைத்தால் பொருளின் மதிப்புக்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துத் தர வேண்டும். இந்தக் கடைசிப் பகுதி நம் ஜனங்களுக்குத் தெரியாது. ‘சொன்னா கவர்மெண்ட்டு புடுங்கிக்கும், போலீசு அலையவிடும்’ என்ற பயம்தான் தெரியும். அதனால் ராத்திரியோடு ராத்திரியாக உருக்கிவிடுகிறார்கள். பாதுகாக்கப்பட்ட நினைவுச் சின்னங்கள் இருக்கும் இடத்தில் அனுமதி இல்லாமல் தோண்டுவது 1958ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட பொருளை நாட்டை விட்டுத் தனியார் கொண்டுபோக 1972ஆம் வருஷத்துச் சட்டம் விடாது.

எங்கள் தேடலும் ஒரு நாள் நின்றது. கூட்டம் கூடுவதைக் கேள்விப்பட்டு ஒரு காவலர் வந்தார். மரியாதையாகத்தான் பேசினார். ஏரி பொதுப்பணித் துறைக்குச் சொந்தம், சுற்றுலா விசாவில் வந்தவர் இதையெல்லாம் செய்தால் நாளைக்கு வேறு மாதிரி ஆகும், வேண்டாமே என்றார். நியாயம்தான். சாமி கருவியைக் கழற்றிப் பெட்டியில் போட்டார். அப்புறம் அதை எடுக்கவே இல்லை.

அதே கோடையில் ஏரி குளங்களின் வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அரசு அனுமதி கொடுத்தது. தேவையான காரியம், ஏரி தூர்ந்துபோய்க் கிடப்பதைவிட வயலுக்கு உரமாகப் போவது எவ்வளவோ மேல். இதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் மட்டும் உண்டு. ஒரு வெள்ளைக்காரர் கையகல மண்வெட்டியோடு திரிந்ததை ஊரே கூடிப் பார்த்தது. ஜேசிபி ஒரு வாளியில் வழித்து எடுக்கும் மண்ணில் என்ன போகிறது என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. தூம்புக் கல்லில் கல்வெட்டு இருக்கலாம், கரையோரத்தில் நடுகல் சாய்ந்து கிடக்கலாம். செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது, தொல்லியல் துறை 1970களிலேயே அவற்றைத் தொகுத்துப் புத்தகமாகப் போட்டிருக்கிறது. திருவண்ணாமலை மாவட்ட வரலாற்று ஆய்வு நடுவத்துக்காரர்கள் இன்றும் ஊர் ஊராகப் போய்ப் புதிது புதிதாகக் கண்டுபிடிக்கிறார்கள்.

ஒரு சங்கதி சொல்லி முடித்துவிடுகிறேன். மதகுப் பக்கம் தடித்த செப்புக்காசு ஒன்றும் கிடைத்தது. கட்டை விரல் நகத்தைவிடச் சிறியது. பச்சைக் களிம்புக்கு அடியில் எழுத்தா உருவமா என்று சொல்ல முடியாமல் ஏதோ ஒன்று மேடாகத் தெரிந்தது. பெரிய கண்ணாடி வைத்துப் பார்க்கலாம் என்று டீக்கடை மேசையில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருந்தோம். நல்ல மனசுக்காரப் பையன் ஒருவன், உதவி செய்கிறேன் என்று, புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கொண்டுவந்து கொடுத்தான். பிறகு அதை விவரம் தெரிந்த ஒருவரிடம் காட்டினேன். காசுதான், யாருடைய காசு என்று இனிமேல் சொல்ல முடியாது என்றார்.

அடுத்த கோடையில் உங்கள் ஊர் ஏரி வற்றி, கால் இடறி ஏதாவது கிடைத்தால், தேய்க்காதீர்கள். எடுப்பதற்கு முன்னால் கிடக்கிற இடத்தோடு சேர்த்து செல்போனில் ஒரு படம் எடுங்கள். மதகிலிருந்து எத்தனை அடி, எந்தத் திசை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலரிடமோ தாசில்தார் அலுவலகத்திலோ எழுதிக் கொடுத்து, கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கி வையுங்கள்.